பள்ளியின் பின்கட்டு: துணைப் பணியாளர்களின் பாதுகாப்பும் பயிற்சியும்

பள்ளிக்கூடம் என்றதும் ஆசிரியரும் மாணவரும் நினைவுக்கு வருவதே வழக்கமாயினும், முதல் மணி அடிக்குமுன்பே வந்து அடுப்பை மூட்டுபவர், கழிப்பறையைக் கழுவுபவர், ஆய்வகத்தில் அமிலக் குப்பிகளை அடுக்குபவர், இரவெல்லாம் வாயிலில் காவல் இருப்பவர் ஆகியோர் இல்லாமல் எந்தப் பள்ளியும் ஒரு நாள்கூட நடப்பதில்லை. கற்பித்தல் தவிர்த்த இப்பணிகளைச் செய்வோரைத் துணைப் பணியாளர்கள் என்று பொதுவாகக் குறிப்பிடலாம். தமிழ்நாட்டில் சத்துணவு மையங்கள் மட்டுமே 40,000-க்கும் மேல் உள்ளன. மையம் ஒன்றுக்கு அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் என மூன்று பணியிடங்கள் என்பது அடிப்படை அமைப்பு. இவர்களோடு, 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் சமைக்கும் மகளிர் சுயஉதவிக் குழுவினரையும், தூய்மைப் பணியாளர்களையும் சேர்த்துப் பார்த்தால், பள்ளி என்பது பெருந்தொகையான பெண்கள் கொதிநீரோடும் எரிவாயுவோடும் வேதிப்பொருளோடும் நாள்தோறும் புழங்கும் பணியிடம் என்பது விளங்கும். ஒருவர் தம் வேலையைச் செய்வதாலேயே அவருக்கு நேரக்கூடிய காயத்தையும் நோயையும் முன்கூட்டியே கண்டு தடுக்கும் ஏற்பாட்டைப் பணியிடப் பாதுகாப்பு என்பர். தொழிற்சாலைக்கு உரியதாகவே கருதப்பட்டுவந்த இந்த ஏற்பாடு பள்ளியின் பின்கட்டுக்கு இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை.

இந்நாட்டில் பள்ளிப் பாதுகாப்பு பற்றிய பேச்சு 2004-ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் நிகழ்ந்த தீ விபத்துக்குப் பிறகே வலுப்பெற்றது. ஸ்ரீ கிருஷ்ணா பள்ளியின் கீற்றுக் கொட்டகைச் சமையற்கூடத்தில் பற்றிய தீ, மாடியில் வகுப்பறைகளுக்கு மேலிருந்த கீற்றுக் கூரைக்குத் தாவியதில் 94 குழந்தைகள் மாண்டனர். அதையொட்டித் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில், அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கு என்று அறியப்படும் அதில், 2009-ஆம் ஆண்டு ஏப்ரலில் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, பாதுகாப்பான பள்ளி என்பதும் கல்வி உரிமையின் ஒரு பகுதியே என்று நிலைநாட்டியது. தீயணைப்பான்கள் வைக்கப்பட வேண்டும், ஆசிரியர்களோடு மற்றப் பணியாளர்களும் அவற்றைக் கையாளவும் மாணவர்களை வெளியேற்றவும் பயிற்சி பெற வேண்டும் என்றும் அது பணித்தது. குழந்தைகள் இறந்த வழக்கில் குழந்தைகளை நோக்கியே தீர்ப்பு எழுந்தது இயல்பு. ஆயினும் அதன் பின்விளைவாக ஒரு பார்வை நிலைபெற்றுவிட்டது: துணைப் பணியாளர் குழந்தைகளைக் காக்கக் கடமைப்பட்டவர் என்ற அளவிலேயே பாதுகாப்புத் திட்டங்களில் இடம்பெறுகிறார், தாமும் ஆபத்துக்கு உள்ளாகும் ஒருவராக அவர் எங்கும் எண்ணப்படுவதில்லை. அதே கும்பகோணம் வழக்கில் தஞ்சாவூர் நீதிமன்றம் 2014-இல் தண்டனை வழங்கியபோது, பள்ளி நிர்வாகத்தினரோடு சத்துணவு அமைப்பாளரும் சமையலரும் தண்டிக்கப்பட்டவர்களின் வரிசையில் நின்றனர். அடுப்பின் மீது கீற்றுக்கூரை வேய முடிவெடுத்தவர் வேறு, அந்த அடுப்பில் சமைத்தவர் வேறு என்பதை இங்கே நினைவிற்கொள்வது தகும்.

பின்கட்டில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்த்தால்தான் பயிற்சியில் என்ன இருக்க வேண்டும் என்பது புலப்படும். தொடக்கப் பள்ளி மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 கிராம் அரிசி என்பது அளவு. நூறு குழந்தைகள் உள்ள பள்ளிக்கு 10 கிலோ அரிசி. கஞ்சி வடிக்கும் முறையில் ஐந்து மடங்கு நீர் வைத்தால் அண்டாவுக்குள் 60 கிலோ எடை, அண்டாவின் எடை தனி. இதை அடுப்பிலிருந்து இறக்கி, மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு சாய்க்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு பெண்கள். அவர்களில் ஒருவர் ஐம்பது வயதைக் கடந்தவராக இருப்பது அரிதன்று. பிரிட்டனில் பணியிடப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு வகுத்துள்ள வழிகாட்டு அளவின்படி, சுமையை உடலோடு ஒட்டி, இடுப்பு மட்டத்துக்கு அருகில் வைத்துத் தூக்கும் மிகச் சாதகமான நிலையிலேயே ஒரு பெண் தூக்கத்தக்க எடை 16 கிலோதான். ஆணுக்கு 25 கிலோ. கொதிக்கும் அண்டாவை எவரும் உடலோடு ஒட்டிப் பிடிக்க முடியாது. கையை நீட்டிப் பிடிக்கும்போது அதே எடை முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் பல மடங்கு அழுத்தத்தை உண்டாக்குகிறது. தரையில் சிந்திய கஞ்சி வழுக்கும், பிடித்திருக்கும் கந்தல் துணி ஈரமாக இருந்தால் உலர்ந்த துணியைவிட விரைவில் சூட்டைக் கடத்தும். 60 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீரே சில விநாடிகளில் தோலை ஆழமாக வேகவைத்துவிடும் என்னும்போது, 100 பாகையை ஒட்டிய கஞ்சி காலில் கொட்டினால் நேர்வதை விவரிக்க வேண்டியதில்லை.

இந்த ஒரு வேலையை எடுத்துக்கொண்டே பயிற்சிக்கும் அறிவுரைக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டிவிடலாம். கவனமாக வடியுங்கள் என்பது அறிவுரை; சமையலருக்கு அது புதிதாக எதையும் சொல்வதில்லை, ஏனெனில் அந்தக் கூடத்தில் அவரைவிடக் கவனமானவர் எவரும் இல்லை. பாதுகாப்பு இயலில் தடுப்புமுறைகளைப் பயன் மிகுந்ததிலிருந்து குறைந்ததை நோக்கி வரிசைப்படுத்துவது வழக்கம்: ஆபத்தை அறவே நீக்குவது முதலாவது, அதற்கு ஈடாகக் குறைந்த ஆபத்துள்ள ஒன்றை வைப்பது அடுத்தது, கருவியாலும் கட்டமைப்பாலும் ஆளுக்கும் ஆபத்துக்கும் இடையே தடை ஏற்படுத்துவது மூன்றாவது, வேலை செய்யும் முறையை மாற்றுவது நான்காவது, கையுறை போன்ற காப்புப் பொருள் கடைசி. அண்டாச் சோற்றுக்கு இதைப் பொருத்தினால், அளவாக நீர் வைத்து வடிக்காமலே சமைக்கும் முறைக்கு மாறுவது முதல் விடை. அது இயலாதபோது ஒரு பெரிய அண்டாவுக்குப் பதில் இரண்டு சிறிய பாத்திரங்கள், அதுவும் இயலாதபோது அண்டாவைச் சாய்க்காமல் துளையுள்ள பெரிய கரண்டியால் சோற்றை அள்ளிக் கூடையில் வடியவிடுதல், அதற்குப் பின்னரே தடித்த கையுறையும் விரல்களை மூடிய காலணியும். கடைசியில் வருவதையே முதலாவதாக வாங்கிக்கொடுத்துவிட்டுக் கடமை முடிந்ததாகக் கருதும் வழக்கம் பள்ளிகளுக்கு மட்டும் உரியதன்று, தொழிற்சாலைகளிலும் உண்டு.

விறகடுப்பு போய் எரிவாயு அடுப்பு வந்த மையங்களில் புகையின் துன்பம் நீங்கியது பெரிய நன்மை. ஆனால் புதிய அடுப்பு புதிய அறிவையும் கோருகிறது. சிலிண்டரில் அடைபட்டிருக்கும் வாயு புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. இரண்டுமே காற்றைவிடக் கனமானவை என்பதால் கசிந்தால் மேலே எழாமல் தரையோடு பரவி, பள்ளமான மூலையிலும் சாக்கடை வாயிலும் தேங்குகின்றன; காற்றில் 2 விழுக்காடு அளவுக்குக் கலந்தாலே தீப்பற்றப் போதும். இயல்பில் மணமற்ற இவ்வாயுவோடு மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலப்பது கசிவை மூக்கால் அறிவதற்காகவே. இதை அறிந்த ஒருவர், காலையில் கதவைத் திறந்ததும் வாடை வந்தால் மின்விளக்கின் சுவிட்சைப் போடவும் மாட்டார், அணைக்கவும் மாட்டார். இரண்டிலும் பொறி எழும். கதவையும் சன்னலையும் அகலத் திறந்து, ரெகுலேட்டரை மூடி, வெளியே வந்து, எரிவாயுக் கசிவுக்கென உள்ள 1906 என்ற எண்ணை அழைப்பார். தாழ்வாகத் தேங்கும் வாயு வெளியேற வேண்டுமானால் சமையற்கூடத்தில் தரை மட்டத்தையொட்டியும் காற்றுத் துளைகள் இருக்க வேண்டும் என்பதைக் கட்டடம் கட்டுவோர் பலரும் மறந்துவிடுகிறார்கள். சன்னல் மட்டும் இருந்தால் போதும் என்பது விறகடுப்புக் காலத்து எண்ணம்.

எண்ணெய்ச் சட்டி தீப்பற்றும்போது தண்ணீரைத் தேடி ஓடுவது மனித இயல்பு, அந்த இயல்பே கொல்லவும் கூடியது. எண்ணெயைவிடக் கனமான நீர் அடியில் இறங்கி, அங்குள்ள கடும் வெப்பத்தில் நொடியில் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு விரிகிறது. அந்த விரிவு எரியும் எண்ணெயைக் கூரை வரை வாரி எறிகிறது. அடுப்பை அணைத்து, பொருத்தமான மூடியால் சட்டியை மூடிக் காற்றைத் தடுப்பதே வழி. கேட்டறிந்தவர் நெருக்கடியில் இதை மறப்பார், செய்து பார்த்தவரின் கை மறவாது. தீயணைப்பு மற்றும் மீட்புப் பணித் துறையினர் பள்ளிகளில் செயல்விளக்கம் நடத்தும்போது, எரியும் சிலிண்டரை நனைத்த சாக்கால் மூடி அணைத்துக் காட்டுவதுண்டு. மாணவர்கள் கைதட்டும் அந்நிகழ்ச்சி பெரும்பாலும் முற்பகலில், அதாவது சமையலர் அடுப்படியை விட்டு நகரவே முடியாத நேரத்தில், நடந்து முடிந்துவிடுவது கவனிக்கத்தக்கது.

சுட்ட புண்ணுக்கு முதலுதவி பற்றிய நம்பிக்கைகள் தனிப் பாடமாகவே எடுத்துரைக்க வேண்டிய அளவுக்கு வேரூன்றியவை. பேனா மை, பற்பசை, மஞ்சள், மாவு, எண்ணெய் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் தடவும் வழக்கம் வெப்பத்தை உள்ளே அடைத்துவைப்பதோடு புண்ணின் ஆழத்தை மருத்துவர் கண்டறிவதையும் கடினமாக்குகிறது. குழாயைத் திறந்து, ஓடும் குளிர்ந்த நீரில் சுட்ட பகுதியை 20 நிமிடம் வைத்திருப்பதே இன்று மருத்துவ உலகம் பெரிதும் ஏற்றுக்கொண்ட முறை. பனிக்கட்டி கூடாது, கொப்புளத்தை உடைக்கக் கூடாது, வீக்கம் தொடங்குமுன் வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிட வேண்டும். தண்ணீர்க் குழாய் இல்லாத, குடத்து நீரை அளந்து புழங்கும் சமையற்கூடத்தில் 20 நிமிட ஓடும் நீர் என்பது எட்டாத ஒன்று. ஆகவே குழாய் ஒன்றைப் போட்டுத் தருவதும் முதலுதவிப் பயிற்சியின் பகுதியே.

தூய்மைப் பணியாளரின் ஆபத்து இன்னும் அமைதியானது. கழிப்பறைக்கு வாங்கப்படும் ஆசிட், பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். கிருமி நீக்க வாங்கப்படும் பிளீச்சிங் பவுடரில் கால்சியம் ஹைப்போகுளோரைட் உள்ளது. இரண்டும் தனித்தனியே பயனுள்ளவை. கறை போக வேண்டும் என்று இரண்டையும் ஒரே வாளியில் கலந்தாலோ, ஒன்றை ஊற்றிக் கழுவிவிடாமல் அதன்மேல் மற்றதைத் தூவினாலோ குளோரின் வாயு எழும். 1915-இல் பெல்ஜியத்தின் ஈப்ரு போர்க்களத்தில் படைவீரர்களைக் கொல்லப் பயன்பட்டதும் இதே வாயுதான். காற்றோட்டமற்ற சிறு கழிப்பறையில் குந்தியிருந்து தேய்ப்பவரின் கண்ணும் நுரையீரலும் அதை முதலில் வாங்குகின்றன. இருமலும் மார்பு இறுக்கமும் இந்த வேலையில் சகஜம் என்று பழகிப்போனவரிடம், அது சகஜமன்று, இன்ன கலவையால் நேர்வது, கலக்காவிட்டால் நேராது என்று சொல்வது மிக எளிய, செலவே இல்லாத பயிற்சி. நீரில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும், அமிலத்தின் மேல் நீரை ஊற்றலாகாது என்பதும், குளிர்பானப் புட்டிகளில் ஆசிட்டை ஊற்றிவைக்கலாகாது என்பதும், ஒவ்வொரு கலத்திலும் தமிழில் பெயர் எழுதி ஒட்ட வேண்டும் என்பதும் இதனோடு சேர்ந்தவை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு நிறத்தாலும் படத்தாலும் அடையாளம் இட வேண்டும்; பெயர்ச்சீட்டு ஒட்டியதாலேயே எல்லாம் தெரிந்துவிட்டதாகக் கொள்ள முடியாது.

கழிவுநீர்த் தொட்டியின் பக்கம் துணைப் பணியாளரை அனுப்பவே கூடாது என்பதில் பயிற்சி பெற வேண்டியவர் பணியாளரைவிடத் தலைமையாசிரியரும் நிர்வாகியுமே. மூடிய தொட்டிக்குள் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் நிறைந்திருக்கும், உயிர்க்காற்று குறைந்திருக்கும். அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் மோப்ப நரம்பையே செயலிழக்கச் செய்வதால், நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்குபவர் உண்மையில் கொல்லும் அளவுக்குள் இறங்குகிறார். உள்ளே விழுந்தவரைத் தூக்க இன்னொருவர் குதிப்பதும் அவரும் மாள்வதும் மீண்டும் மீண்டும் நிகழ்வன. இத்தகைய அடைபட்ட இடங்களில் இறந்தோருள் பாதிக்கு மேற்பட்டோர் காப்பாற்றச் சென்றவர்களே என்று அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986-லேயே எச்சரித்தது. மனிதக் கழிவுகளைக் கையால் அகற்றும் பணிக்குத் தடை விதிக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், காப்புக் கருவியும் முன்னேற்பாடும் இன்றி ஒருவரைத் தொட்டிக்குள் இறக்குபவருக்கு முதல் குற்றத்துக்கே இரண்டாண்டுச் சிறையோ இரண்டு இலட்ச ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. அடைப்பு எடுக்க ஆள் கூப்பிடுங்கள் என்று போகிற போக்கில் சொல்லும் ஒரு சொல், இச்சட்டத்தின்முன் பணியமர்த்தலாகவே கொள்ளப்படக்கூடும்.

ஆய்வக உதவியாளர், அலுவலக உதவியாளர், காவலர் ஆகியோரின் ஆபத்துகள் இடத்துக்கு இடம் மாறுவன: காலாவதியான வேதிப்பொருள், அறுந்த மின்கம்பி, ஏணியின்றி நாற்காலி மேல் நாற்காலி வைத்து விளக்கு மாட்டுதல், புதர் மண்டிய வளாகத்தில் பாம்பு, தனிமை. இவற்றுக்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. அந்தந்தப் பள்ளியில் ஒரு மணி நேரம் பணியாளரோடு சேர்ந்து சுற்றிவந்து அவர் சுட்டிக்காட்டுவதைக் குறித்துக்கொண்டாலே பாதிப் பாடத்திட்டம் ஆயத்தமாகிவிடும்.

பயிற்சியே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. மதிய உணவுத் திட்டத்தின் கீழ்ச் சமையலர்களுக்குப் பயிற்சிகள் நாடெங்கும் நடக்கின்றன. கைகழுவுதல், தலைமுடியை மூடுதல், தானியத்தைச் சுத்தம் செய்தல், சமைத்த உணவைச் சுவைத்துப் பார்த்தல், குறித்த இடைவெளியில் மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ளுதல் ஆகியவை அவற்றின் பொருள். அனைத்தும் தேவையானவை. ஆயினும் அந்த மருத்துவப் பரிசோதனையும்கூடச் சமையலரிடமிருந்து குழந்தைக்குத் தொற்று பரவாதிருக்கவே நடத்தப்படுகிறது. அவருடைய முதுகுவலியும் மூட்டுத் தேய்வும் தீக்காயத் தழும்பும் அந்தப் படிவத்தில் கேட்கப்படுவதில்லை. உணவுப் பாதுகாப்பும் பணியாளர் பாதுகாப்பும் வேறுவேறு என்று பிரிப்பதும் தவறு என்பதற்குப் பிகாரின் நிகழ்வொன்று சான்றாகிறது. 2013-ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று, கும்பகோணம் துயரத்தின் ஒன்பதாம் நினைவு நாளில், சாப்ரா அருகே தர்மாசதி கந்தாமன் என்ற சிற்றூரின் தொடக்கப் பள்ளியில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். சமையலெண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்தது. எண்ணெயில் வழக்கத்துக்கு மாறான வாடை வருவதைச் சமையலர் சொன்னார் என்பதும், அதையே பயன்படுத்துமாறு அவருக்குச் சொல்லப்பட்டது என்பதும், அதை உண்டு அவரும் நோயுற்றார் என்பதும் அப்போது வெளியான செய்திகளில் பதிவாயின. தலைமையாசிரியை 2016-இல் தண்டிக்கப்பட்டார். ஆபத்தை அறியும் திறன் அந்த அடுப்படியில் இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, சமைக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமைதான் இல்லை.

இந்த உரிமையைப் பாதுகாப்பு இயல் சலுகையாகக் கருதுவதில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1981-ஆம் ஆண்டு உடன்படிக்கை, உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடியான கடும் ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்தோடு நம்பி வேலையிலிருந்து விலகும் பணியாளருக்குத் தீங்கு நேராமல் காக்க வேண்டும் என்கிறது. இந்தியாவில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பள்ளிச் சமையற்கூடத்தை எட்டியதே இல்லை. அதற்குப் பதிலாக 2025-ஆம் ஆண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்த, 2020-இல் இயற்றப்பட்ட பணியிடப் பாதுகாப்பு மற்றும் உடல்நலத் தொகுப்புச் சட்டம், உடனடி ஆபத்தை முதலாளிக்கும் ஆய்வாளருக்கும் தெரிவிக்கும் உரிமையைப் பணியாளருக்கு அளித்தாலும், பொதுவாகப் பத்துப் பேருக்குக் குறையாத நிறுவனங்களையே கருத்திற்கொள்கிறது, அரசு அலுவலகங்களை விலக்கிவைக்கிறது. மூன்று பேர் வேலை பார்க்கும் சத்துணவு மையம் அதில் எங்கே அடங்கும் என்பது வழக்கறிஞர்கள் வாதிடத்தக்க கேள்வி. மத்திய அரசின் கணக்கிலோ மதிய உணவுச் சமையலர் மதிப்பூதியம் பெறுபவர்; 2009 முதல் அவருக்கென வகுக்கப்பட்ட தொகை மாதம் 1,000 ரூபாய், ஆண்டில் பத்து மாதங்களுக்கு. தமிழ்நாடு தன் சத்துணவுப் பணியாளர்களுக்குச் சிறப்புக் காலமுறை ஊதியம் வழங்கி இதைவிட நல்ல நிலையில் வைத்திருக்கிறது என்பது உண்மையே. ஆனால் ஒரே வளாகத்தில் ஆசிரியர் பள்ளிக் கல்வித் துறைக்கும், சத்துணவுப் பணியாளர் சமூக நலத் துறைக்கும், காலை உணவு சமைப்பவர் சுயஉதவிக் குழுவுக்கும், சிற்றூர்களில் தூய்மைப் பணியாளர் பல இடங்களில் ஊராட்சிக்கும் உரியவராக இருப்பதால், இவர்கள் அனைவரையும் ஒரு நாள் ஓரிடத்தில் உட்காரவைத்துப் பயிற்சி அளிக்கும் கடமை எவருடையது என்பது தெளிவாக எழுதப்படவில்லை. தலைமையாசிரியர் அழைத்தால் அவர்கள் வரக்கூடும். அன்றைய சமையலை யார் செய்வது என்ற கேள்விக்கு அவரிடம் விடையிராது.

பயிற்சியைப் பணி நேரத்திலேயே அளிக்க வேண்டும் என்பது பிற நாடுகள் சிலவற்றில் சட்டமாகவே உள்ளது. பிரிட்டனின் 1999-ஆம் ஆண்டு விதிகள் அவ்வாறே கூறுகின்றன. இங்கே அதற்கு மாற்றுச் சமையலர் ஏற்பாடு வேண்டும், அல்லது பள்ளி திறக்குமுன் ஜூன் மாதத்தின் தொடக்க நாள்களில் பயிற்சியை வைத்து அந்நாள்களுக்கும் ஊதியம் தர வேண்டும். காயம் பட்ட நிகழ்வுகளை மட்டுமன்றி, பட இருந்து தப்பிய நிகழ்வுகளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பது தொழிற்சாலைகளில் பயன்கண்ட முறை. வழுக்கிச் சமாளித்த இடம், கைப்பிடி ஆடிய அண்டா, வாடை வந்த காலை என்று மாதம் நான்கு வரி எழுதினாலும் அடுத்த விபத்து எங்கிருந்து வரும் என்பதை அது காட்டிவிடும். ஆனால் எழுதியவரே பதில் சொல்ல வேண்டியவராக ஆக்கப்பட்டால் அடுத்த மாதம் குறிப்பேடு வெறுமையாகவே இருக்கும். கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் அமைந்துள்ள பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மையினர் என்பதால், இந்தக் குறிப்பேட்டைக் குழுவின் கூட்டத்தில் படிக்கச் செய்வது எளிதாகவும் அச்சமற்றதாகவும் அமையக்கூடும்.

சிலிண்டரையும் அடுப்பையும் இணைக்கும் ரப்பர் குழாய்க்கு ஐந்தாண்டுதான் ஆயுள். அந்த ஆண்டு குழாயின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். அதைப் பார்க்கக் கற்றுக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். பார்த்துச் சொன்ன பிறகு புதுக் குழாய் வாங்கும் தொகை எந்தக் கணக்கிலிருந்து வரும், எத்தனை நாளில் வரும், அதுவரை அந்த அடுப்பைப் பற்றவைக்காதிருக்கச் சமையலருக்கு அனுமதி உண்டா என்பவற்றைப் பயிற்சியோடு சேர்த்தே எழுதித் தர வேண்டும். அவ்வாறு எழுதப்படாத இடத்தில், பயிற்சிப் பதிவேட்டில் அவர் இட்ட கையொப்பம் ஒரு விபத்துக்குப் பின் அவருக்கு எதிரான சான்றாக மட்டுமே பயன்படும்.